நீல சிலிக்கா ஜெல் அரைக் கிலோ: ஹட்டன் ஈரத்துக்குத் தாங்குமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன்: சாமான் நல்லது, அனுப்பிய விதம் மோசம்.

ஹட்டன் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை துணியே காயாது, அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துகிறோம், இதில் கெமரா லென்ஸ் எம்மாத்திரம். போன வருஷம் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். துடைக்கக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதனால்தான் ஒன்லைனில் ஒரு கடையில் ஈரத்தை உறிஞ்சும் இந்த சிலிக்கா ஜெல் மணிகளை எடுத்தேன். பார்சலைப் பிரித்தால் மேல்பாதி நீலம், அடிப்பாதி ரோஸ். பையின் அடி ஒட்டு விட்டிருந்தது. கேட்டால் “கலர் அப்படித்தான் வரும்” என்றார்கள். அப்படியெல்லாம் வராது அண்ணே, நீலம் கோபால்ட் குளோரைட்டின் நிறம், ஈரத்தைக் குடித்தால்தான் ரோஸாகும்.

சண்டை போட நேரமில்லை. சமையலுக்கு ஆகாத பழைய சட்டியில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, இளஞ்சூட்டில் ஒன்றரை மணி நேரம் கிளறினேன். ரோஸ் ஊதாவாகி, அப்புறம் ஓரத்திலிருந்து நீலம் திரும்பியது. வீட்டில் பேக்கிங் அவன் (oven) இருந்தால் 120 பாகை செல்சியஸ் போதும், அதற்கு மேல் ஏற்றினால் நிறம் கெட்டுவிடும். ஒரு மணியைத் தண்ணீரில் போட்டேன், ‘பட்’டென்று வெடித்து இரண்டாகியது!

பெயர்தான் ஜெல், கையில் எடுத்தால் கண்ணாடி. நீர்க்கண்ணாடி எனும் சோடியம் சிலிக்கேட்டில் அமிலம் சேர்த்தால் சிலிசிக் அமிலம் பிறக்கும். அதைத் தனியாகப் போத்தலில் அடைத்து வைக்க முடியாது. லீட்டருக்கு நூறு மில்லிகிராம் சொச்சத்தைத் தாண்டினாலே மூலக்கூறுகள் தண்ணீரைக் கழற்றிவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூழாகிவிடும். கழுவி உலர்த்தினால் இந்த மணி. உள்ளே முழுக்க நுண்துளை, ஒரு கிராமின் பரப்பே 700 சதுர மீட்டர் அளவுக்கு வரும், அதாவது 10க்கு 12 அடி லயத்துக் காம்பரா அறுபதின் தரை. அவ்வளவு இடத்திலும் ஈரம் ஒட்டிக்கொள்கிறது.

இதே அமிலம் நம் ஓடையிலும் கொஞ்சம் ஓடுகிறது என்பதுதான் வேடிக்கை. காற்றின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வரும் மழை, பாறையிலுள்ள பெல்ஸ்பார் எனும் கனிமத்தை அரித்துக் களிமண்ணை இங்கே விட்டுவிட்டு, சிலிசிக் அமிலத்தை மஸ்கெலி ஓயா வழியாகக் களனி கங்கைக்கு அனுப்புகிறது. போகிற வழியில் மானாப்புல் கொஞ்சம் உறிஞ்சி இலையில் சிலிக்காவாகப் படிய வைத்துக்கொள்ளும். கொழுந்தெடுக்கப் போய் அந்த இலையில் கையைக் கிழித்துக்கொண்டவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை.

இப்போது இறுகிய மூடியுள்ள டப்பாவில் லென்ஸோடு 200 கிராம், மூன்று வாரமாக நீலம் மாறவில்லை. மீதி பிறப்புச் சான்றிதழ்ப் பெட்டிக்குள். மணிகளுக்கு ஐந்துக்கு நாலு, கடைக்கு ஒன்று. தேயிலை டின்னுக்குள் மட்டும் இதைப் போடாதீர்கள், கோபால்ட் நஞ்சு. அதற்கு நிறமில்லாத வெள்ளை மணி தனியாகக் கிடைக்கிறது.