வீட்டிலேயே சோப்பு: பேஸை உருக்குவதா, காஸ்டிக் சோடாவில் இறங்குவதா, நலங்கு மாவே போதுமா?

வீட்டில் சோப்பு செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எது சுலபம்?" என்றுதான். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் கைக்கு எட்டுவதையெல்லாம் இழுக்கிற வயதில் குழந்தை இருக்கிறதா? குளியலறைக் குழாயில் வருவது போர்வெல் உப்புத் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா? செய்த சோப்பை ஒரு மாதம் தொடாமல் வைத்திருக்க முடியுமா? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால், மெல்ட் அண்ட் போர், கோல்ட் ப்ராசஸ், ஹாட் ப்ராசஸ், பொடி என்ற நான்கு வழிகளில் உங்களுக்கு எது என்பது பாதி முடிவான மாதிரி.

மெல்ட் அண்ட் போர்

கட்டியாக விற்கும் சோப் பேஸை வாங்கி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவது. நிறம், வாசனை சேர்த்து அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் சோப்பு தயார். காலையில் செய்ததில் மாலையில் குளிக்கலாம். எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா என்ற காரத்தைத் தொட வேண்டிய வேலையே இல்லை, அது பேஸ் தயாரித்த இடத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது. கண்ணாடி போன்ற சோப்புக்குள் உலர்ந்த ரோஜா இதழ் வைப்பது, இரண்டு நிறத்தை அடுக்குவது என்று கைவேலைக்கு நிறைய இடம் உண்டு. ஆனால் சோப்பின் குணத்தில் உங்கள் கை அவ்வளவாக இல்லை. நுரை எப்படி வரும், தோலை வறட்டுமா வறட்டாதா என்பதைப் பேஸ் தயாரித்தவர் தீர்மானித்துவிட்டார். அதனால் "ஆட்டுப்பால் பேஸ்", "கற்றாழை பேஸ்" என்ற முன்பக்க எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். சில பேஸ்களில் எஸ்.எல்.இ.எஸ். என்ற நுரைப்பொருளும், உருகுவதற்காக ப்ரொப்பிலீன் கிளைக்காலும் இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. அதையே "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று சொல்வதுதான் தப்பு. காரம் இல்லாமல் எந்தச் சோப்பும் உருவாவதில்லை.

வீடியோக்களில் தோட்டத்துக் கற்றாழையை வழித்து, மிக்ஸியில் அடித்து, உருக்கிய பேஸில் ஊற்றுவதைக் காட்டுகிறார்கள். கேரட் சாறு, பப்பாளி விழுது, பால் என்று இன்னும் என்னென்னவோ. தயவுசெய்து செய்யாதீர்கள். பேஸ் ஏற்கெனவே சோப்பாகி முடிந்த பொருள். பச்சைச் சாறு அதில் அப்படியே தங்கி, பூஞ்சை பிடிக்கும், கெட்ட வாடை வரும். உலர்ந்த பொடி என்றால் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

இன்னொன்று ஈரம். பேஸில் கிளிசரின் அதிகம், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் சோப்பைத் திறந்து வைத்தால் மேலே முத்து முத்தாக வியர்க்கும். சோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சூடு ஆறியதும் க்ளிங் ஃபிலிமில் இறுக்கமாகச் சுற்றிவிட வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் அதிகமாக வியர்க்கும்.

கோல்ட் ப்ராசஸ்

எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து நீங்களே சோப்பை உருவாக்குவது இந்த வழி. எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறும். அந்தக் கிளிசரின் முழுவதும் சோப்புக்குள்ளேயே இருக்கும். எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். நான்கு வழிகளில் எனக்குப் பிடித்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயப்பட வேண்டியதில் பயப்பட வேண்டும். காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகளும் நாய் பூனையும் அந்தப் பக்கம் வரக் கூடாது. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும், காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கரையும்போது அடுப்பே இல்லாமல் 80, 90 டிகிரி வரை சூடேறி, மூக்கைத் தாக்கும் ஆவி வரும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வேண்டாம், காரம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். எவர்சில்வரும் கெட்டியான பாலிப்ரொப்பிலீன் டப்பாவும் சரி. கையில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் கழுவுங்கள், வினிகரோ எலுமிச்சையோ தேய்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் அதே மாதிரி கழுவிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரி. சாக்கடை அடைப்பு நீக்க விற்கிற பாக்கெட் இதற்கு ஆகாது, அதில் வேறு பொருளும் கலந்திருக்கலாம். கெமிக்கல் கடையில் சுத்தமான சோடியம் ஹைட்ராக்சைடு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவு. ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறு. 100 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 18.3 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 100 கிராம் கடலை எண்ணெய்க்கு 13.6 அளவில்தான். "தேங்காய் எண்ணெய் இல்லை, கடலை எண்ணெய் போட்டுக்கலாம்" என்று சமையலில் மாற்றுவதுபோல் இங்கே மாற்றினால் மிஞ்சிய காரம் சோப்பில் நின்று தோலை எரிக்கும். செய்முறையில் எதை மாற்றினாலும் சோப் கால்குலேட்டரில் (எண்ணெய்களின் எடையைக் கொடுத்தால் வேண்டிய காரத்தின் அளவைச் சொல்லும் இணையக் கணக்கி) மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமாக 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி காரத்தைக் குறைத்துப் போடுவார்கள், அதைத்தான் சூப்பர்ஃபேட் என்பது.

எல்லாமே எடையில்தான், எண்ணெய் உட்பட. எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: 1 லிட்டர் என்று பெரிதாகவும், 910 கிராம் என்று சின்னதாகவும் இருக்கும். லிட்டரைக் கிலோவாக எடுத்துக்கொண்டால் 90 கிராம் எண்ணெய் குறைந்துவிடும், சூப்பர்ஃபேட் என்ற பாதுகாப்பு அதிலேயே காலி. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

நம் ஊர் எண்ணெய்களை வைத்து ஒரு கணக்கு: தேங்காய் எண்ணெய் 150 கிராம், பாமாயில் 150, கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. மொத்தம் 500. இதற்கு 5 சதவீத சூப்பர்ஃபேட்டில் காஸ்டிக் சோடா 71 கிராம், தண்ணீர் 142 கிராம். செய்வதற்கு முன் இதையும் கால்குலேட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் நுரைக்கும் கெட்டித்தன்மைக்கும், விளக்கெண்ணெய் அந்த நுரை நிற்பதற்கும். எண்ணெய்க் கலவையும் காரக் கரைசலும், பாத்திரத்தை வெளியே தொட்டால் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒன்றாக ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் விட்டுவிட்டு அடித்தால் சில நிமிடங்களில் தோசை மாவுப் பதம் வரும். மேலே சொட்டினால் அந்தத் தடம் ஒரு கணம் நிற்கும். இதற்கு ட்ரேஸ் என்று பெயர். உடனே அச்சில் ஊற்றிவிட வேண்டும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் "தேங்காய் எண்ணெயை உருக்கவும்" என்று ஆரம்பிப்பார்கள். நமக்கு ஊட்டி, கொடைக்கானல் தவிர முக்கால்வாசி நாள் அது உருகியேதான் இருக்கிறது. நம் பிரச்சினை வேறு: சித்திரை வெயிலில் காரக் கரைசல் ஆறவே ஆறாது, பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தான் ஆற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பு காய மறுக்கும்.

நிறத்திலும் ஒரு விஷயம் உண்டு. மஞ்சள் போட்டால் மஞ்சள் சோப்பு வரும் என்று நினைப்போம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்தால் என்ன ஆகிறது? அதேதான் இங்கேயும். காரம் பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாகும். சோப்பு முதிர முதிர அது ஆரஞ்சுக்கும் மங்கிய மஞ்சளுக்கும் இறங்கும். செம்பருத்திச் சிவப்போ பழுப்பாகிவிடும். பூவின் நிறம் அப்படியே பளிச்சென்று இருக்கும் "கையால் செய்த செம்பருத்தி சோப்பு" எங்காவது விற்றால், அது பேஸா, சாயம் சேர்த்ததா என்று கேளுங்கள்.

மறுநாள் துண்டு போட்டுவிடலாம். தேங்காய் எண்ணெய் அதிகமாக இருந்தால் இன்னும் சீக்கிரமே வெட்ட வேண்டும், தாமதித்தால் கத்தி பட்டதும் உடையும். அப்புறம் காற்றோட்டமான அலமாரியில் நான்கிலிருந்து ஆறு வாரம். காரம் ஓரிரு நாளிலேயே எண்ணெயோடு சேர்ந்து முடிந்துவிடும், இந்தக் காத்திருப்பு தண்ணீர் வற்றுவதற்கும் சோப்பு இறுகுவதற்கும். முதல் வாரத்திலேயே எடுத்துக் குளித்தால் சோப்புப் பெட்டியில் கொழகொழவென்று கரைந்து போகும்.

ஹாட் ப்ராசஸ்

அதே எண்ணெய், அதே காரம், அதே எச்சரிக்கை. ட்ரேஸ் வந்த கலவையை அச்சில் ஊற்றாமல் எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில், டபுள் பாய்லரில் (கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து), ஒன்றிரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். சோப்பாகும் வேலை அடுப்பிலேயே முடிந்துவிடுவதால் சீக்கிரம் பயன்படுத்தலாம். காரம் தணிந்த பிறகு வாசனை சேர்ப்பதால் தைலத்தின் மணமும் நன்றாக நிற்கும். மற்றபடி கலவை கெட்டியாகக் கரண்டியால் அள்ளி அச்சில் அமுக்குகிற நிலையில் இருக்கும், மேற்புறம் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். அடுப்பை விட்டு நகர முடியாது, பொங்கினால் காரத்தோடு வழியும். ஒரு வாரமாவது காயவைத்தால்தான் சோப்பு கெட்டியாக நிற்கும். காத்திருக்க முடியாதவர்களுக்கு இது ஒரு வழி, முதல் முறையாகச் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நலங்கு மாவு

இது சோப்பே இல்லை. ஆனால் குளியல் பொருள் செய்யத் தொடங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போவது எனக்கு வருத்தம். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர். பயறு பாதிக்கு மேல் இருக்கட்டும், மற்றவை கைக்கணக்கு. நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் கிழங்காகவும் பூவாகவும் வாங்கினால் என்ன வாங்குகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். முறுகக் காயவைத்து, சீயக்காய் அரைக்கிற மில்லில் கொடுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ள வேண்டும். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போட்டுவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்குச் சீயக்காய், கொங்குப் பக்கம் என்றால் அரப்பு, இதே வரிசைதான்.

சோப்பு போட்டால் தோல் இழுக்கிறது என்பவர்களுக்கு இது பொருந்தும். உண்மையான சோப்பு எதுவானாலும் பி.எச். 9, 10 அளவில் காரமாகத்தான் இருக்கும், கையால் செய்ததும் விலக்கல்ல. குறையும் உண்டு: தினமும் குழைக்க வேண்டும், தரையெல்லாம் பொடி, குழைத்ததை மறுநாளைக்கு வைக்க முடியாது. புதிதாகப் பூசுகிறவர்கள் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் குளியல் உருண்டையான பாத் பாம் பற்றியும் கேட்கிறார்கள். சமையல் சோடா இரண்டு பங்கு, சிட்ரிக் ஆசிட் ஒரு பங்கு, கொஞ்சம் எண்ணெய். ஈரக்காற்றில் அச்சிலேயே பொங்கிவிடும், தொட்டிக் குளியல் இல்லாத வீட்டில் பக்கெட்டில் கால் ஊறவைக்கத்தான் உதவும்.

தண்ணீரும் தேர்வும்

போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் தரையில் படிவது, அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்வதால். எஸ்.எல்.இ.எஸ். உள்ள பேஸ் இதை ஓரளவு தாங்கும், பொடிக்கு இந்தத் தொல்லையே இல்லை. கோல்ட் ப்ராசஸில் தேங்காய் எண்ணெயின் பங்கைக் கூட்டுவது ஒரு வழி, அந்தச் சோப்பு கடல் தண்ணீரிலும் நுரைக்கும். முழுக்கத் தேங்காய் எண்ணெயிலேயே செய்தால் தோலை வறட்டும் என்பதால் சூப்பர்ஃபேட்டை 20 சதவீதமாக உயர்த்துவார்கள்: 500 கிராம் எண்ணெய்க்கு 73 கிராம் காஸ்டிக் சோடா. இன்னொரு வழி, 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு, அது தின்னும் காரத்துக்கு ஈடாக 6 கிராம் காஸ்டிக் சோடா கூடுதலாகப் போடுவது. திப்பி நன்றாகக் குறையும்.

சின்னக் குழந்தை உள்ள ஃபிளாட், தனி இடம் இல்லை என்றால் நலங்கு மாவு, கூடவே ஆசைக்கு மெல்ட் அண்ட் போர். பூட்டி வைக்க ஓர் அலமாரியும், யாரும் வராத ஒரு மதிய நேரமும் கிடைக்கும் என்றால் தயங்காமல் கோல்ட் ப்ராசஸ். முதல் தடவை 500 கிராம் எண்ணெய்க்கு மேல் வேண்டாம். வாசனையும் நிறமும் வேண்டாம், சில வாசனைகள் கலவையை நொடியில் கல்லாக்கிவிடும். வெறும் சோப்பு சரியாக வந்த பிறகு எலுமிச்சைப்புல் தைலம் 10 கிராம் சேர்த்துப் பாருங்கள்.

சோப்பு நன்றாக வந்தால் அக்கம்பக்கத்தில் விலைக்குக் கேட்பார்கள். விற்பதற்காகத் தயாரிப்பது என்றால், 2020-ஆம் ஆண்டின் காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். பேஸை உருக்கி ஊற்றி விற்பதும் தயாரிப்புக் கணக்கில்தான் வரும். உரிமம் கையில் வரும் வரை செய்ததை வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சும்மா கொடுங்கள், செய்த தேதியையும் உள்ளே போட்ட எண்ணெய்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.