என் பழைய ஸ்விங்ஆர்மை எனக்கே புதிதென்று விற்றார்கள்

இரண்டு பருவங்களுக்கு முன்பு, செயின் உரசாமல் காக்கும் பட்டையான செயின் ஸ்லைடர் தேய்ந்துபோனதைக் கவனிக்காமல் ஓட்டியதில், என் குவாடின் (நான்கு சக்கர மோட்டோகிராஸ் வண்டி) ஸ்விங்ஆர்ம் மேற்புறத்தில் செயின் ஒரு பள்ளத்தை அறுத்துவிட்டது. பின் சக்கரங்களின் அச்சான ஆக்சிலைத் தாங்கி, மேலும் கீழும் ஆடும் கைதான் ஸ்விங்ஆர்ம். சுண்டுவிரல் நீளம் இருக்கும். வண்டியைக் கழுவும்போதெல்லாம் என் சோம்பலை நினைவூட்டிய தழும்பு அது. அதே பள்ளத்தை, அதே இடத்தில், “புதிதாகச் செய்தது” என்று சொல்லிப் பொருத்தித் தந்த நீள ஸ்விங்ஆர்மில் பார்த்தேன். பெயிண்ட் பெயர்ந்து, அடியில் பள்ளத்தை மறைக்க அடைத்திருந்த பட்டி (பூச்சுப் பசை) உதிர்ந்து, அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் என் பங்கு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்தயம் தொடங்கும்போது திராட்டிலை முறுக்கினால் முன் சக்கரங்கள் மேலே தூக்கிக்கொள்கின்றன என்று பட்டறையில் புலம்பினேன். ஸ்விங்ஆர்மை 10 சென்டிமீட்டர் நீட்டினால் முன்பக்கம் தரையை விடாது என்றார்கள். அது பொய்யில்லை. பின் ஆக்சில் பின்னால் போகப் போக வண்டி தூக்குவது குறையும். மணல் மேடு ஏறுகிறவர்களும் நேர்கோட்டு ஓட்டக்காரர்களும் அதற்காகத்தான் நீட்டுகிறார்கள். ஆனால் மேடும் வளைவுமான மோட்டோகிராஸ் மண் தடம் நேர்கோடு கிடையாது. நீளம் கூடினால் வளைவில் வண்டி திரும்ப அடம்பிடிக்கும், நெருக்கமான மேடுகளில் முன்பக்கத்தைத் தூக்கவேண்டிய இடத்தில் தூக்காது. இதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேசியது இதுதான்: அலுமினியத்தில் முழுதாகப் புதிய ஸ்விங்ஆர்ம், வெல்டிங்குக்குப் பிறகு முறையான வெப்பப் பதம், பொருத்துவதற்கு வேண்டிய மற்ற பாகங்கள் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. என் பழைய ஆர்மை “அளவெடுக்க” வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டி திரும்பி வந்தபோது பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். அதில் மயங்கினேன்.

முதல் பயிற்சியிலேயே பின்பக்கம் தரைதட்டியது. சாதாரணக் குதிப்பில்கூட ஷாக் அப்சார்பர் அடிவரை இறங்கி முதுகுத்தண்டில் அறைந்தது. பழக வேண்டும் என்றார்கள். பழகுவதற்கு இதில் ஒன்றுமில்லை, வெறும் கணக்கு. ஷாக் மாட்டும் இடம் அப்படியே இருக்க, ஆக்சில் மட்டும் பின்னால் போனால் நெம்புகோல் நீள்கிறது. 45 சென்டிமீட்டர் ஆர்ம் 55 ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள்: அதே சுமை ஷாக்கின் மேல் 22 சதவீதம் கூடுதலாக இறங்கும். சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங் விறைப்போ நீள விகிதத்தின் வர்க்கத்தில் குறையும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். விறைப்பான ஸ்பிரிங் போடாமல், அல்லது ஷாக் மாட்டும் இடத்தையும் சேர்த்து மாற்றாமல் நீட்டினால் இப்படித்தான் ஆகும். “மற்ற பாகங்கள் எல்லாம்” என்ற வாக்குறுதியில் ஸ்பிரிங் இல்லை.

செயின் அதைவிட மோசம். 520 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணியின் நீளம் 15.875 மில்லிமீட்டர். ஆர்ம் 10 சென்டிமீட்டர் நீண்டால் மேலும் கீழுமாக 20 சென்டிமீட்டர், அதாவது 12 கண்ணிகள் கூடுதலாக வேண்டும். மிச்சத்தைச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் பார்த்துக்கொள்ளும். புதுச் செயின் போட்டிருக்க வேண்டும். இவர்கள் என் தேய்ந்த செயினிலேயே புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்து, இரண்டு இடத்தில் செயின் லாக் (முனைகளை இணைக்கும் கழற்றக்கூடிய கண்ணி) மாட்டியிருந்தார்கள். பழைய கண்ணிகள் தேய்ந்து நீண்டவை, புதியவை நீளாதவை. புதுத் துண்டு பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு குலுக்கல். செயின் லாக்கை எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அங்கேயே வண்டியை விட்டு இறங்கிக் கேளுங்கள்.

பிரேக் எண்ணெய் போகும் குழாயான ஹோஸைப் பற்றிச் சொல்ல இன்னும் கை நடுங்குகிறது. பழைய ஹோஸையே கிளிப்புகளைக் கழற்றி இழுத்து மாட்டியிருந்தார்கள். வண்டி தரையில் நிற்கும்போது சரியாகத்தான் தெரிந்தது. பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரங்கள் முழுதாகத் தொங்கியபோது ஹோஸ் வீணைத் தந்தியைப் போல் விறைத்தது. ஒவ்வொரு குதிப்பிலும் அந்தரத்தில் நடந்திருப்பது அதுதான். பிடுங்கிக்கொண்டிருந்தால் தரையிறங்கும்போது பின் பிரேக் இருந்திருக்காது.

இத்தனையையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது நான்காவது பயிற்சிக்குப் பிறகு. அன்று ஒரு மேட்டில் இறங்கியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். பின்பக்கம் நண்டு போல ஒரு பக்கமாக நடந்தது. மெதுவாக ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், ஆர்மின் நடுவே பெயிண்டில் தலைமுடி அளவு கோடு. வெல்டிங் வேலை நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர் பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தார். விரிசல் ரத்தக் கோடாக மேலே எழுந்து, வெல்டிங் தடத்தை ஒட்டியே ஓடியது. ஆர்மை வெட்டி, நடுவில் பட்டைத் துண்டுகளைச் செருகி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே தாங்கலாக ஒரு தகடுகூட இல்லை. ஆர்ம் வண்டியோடு சேரும் பிவட்டின் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரு பக்கமும் அளந்தோம்: 4 மில்லிமீட்டர் வித்தியாசம். அசையாமல் பிடிக்கும் சட்டமான ஜிக்கில் பூட்டாமல் ஒட்டினால் வெப்பத்தில் உலோகம் இழுத்துக்கொள்ளும். ஸ்ப்ராக்கெட் பற்களின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடியாகத் தேய்ந்திருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

தொலைபேசியில் கேட்டேன். “தாறுமாறாகக் குதித்தால் எதுவும் விரியும்” என்றார்கள். மோட்டோகிராஸ் வண்டியில் ஊர்வலம் போக வேண்டும்போல. வெப்பப் பதம் செய்தீர்களா என்றால், “ஓவனில் வைத்தோமே” என்றார்கள். எந்த ஓவன்? பவுடர் பெயிண்ட் சுடுகிற ஓவன்! அதன் சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டியது. 6061 போன்ற அலுமினியக் கலவையில் வெல்டிங் சூடு பட்ட இடம் தன் வலிமையில் பாதியைக்கூட இழக்கும். அதை மீட்க, 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கித் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, பிறகு 160 முதல் 180 டிகிரியில் பல மணி நேரம் வைத்து முதிரச் செய்ய வேண்டும். பெயிண்ட் உலர்ந்ததை வெப்பப் பதம் என்று சொன்ன துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கொண்டு வந்தால் இலவசமாக மறுபடி ஒட்டித் தருகிறோம் என்று கருணை வேறு.

யாராவது இந்த வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், பெயிண்ட் அடிப்பதற்கு முன் வெறும் உலோகமாக ஆர்மைக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள். பழைய ஆர்மை அளவெடுத்த அன்றே கையோடு வாங்கி வந்துவிடுங்கள். நான் இப்போது பழைய நீளத்துக்கே திரும்பிவிட்டேன். தொடக்கத்தில் முன்பக்கம் தூக்காமல் இருக்க உடம்பை முன்னால் சாய்த்து, கிளட்சைப் பொறுமையாக விடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பட்டி உதிர்ந்து அந்தப் பள்ளம் தெரிந்த மாலை, அவர்களை மீண்டும் அழைத்தேன். கோபத்தைக் காட்டாமல், அளவெடுக்கக் கொடுத்த என் பழைய ஆர்மை எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் கேட்டேன்.

“பத்திரமாக இருக்கிறது, தேடி எடுத்து வைக்கிறோம்” என்றார்கள்.

அது என் மேசையின் மேல், விரிந்த வாயோடு கிடந்தது.