ஓப்பன் எல்பி: சபை சேர்ந்து பாட நல்ல துணை

பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் மென்பொருள்களில் எங்கள் சபையில் நிலைத்துவிட்டது ஓப்பன் எல்பிதான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பாட்டை அடுக்கும் விதம். சரணம், பல்லவி என்று பிரித்து ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம், வி1 சி1 வி2 சி1 (வி என்றால் சரணம், சி என்றால் பல்லவி) என்று வரிசை மட்டும் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆராதனை நடத்துகிறவர் திடீரென்று பல்லவிக்குத் திரும்பினாலும் உடனே அங்கே தாவிவிடலாம். இது சின்ன விஷயம் இல்லை. வரி கொஞ்சம் பிந்தினாலே சபை வாயை மூடிக்கொள்ளும், அப்புறம் மேடையில் இருப்பவர்கள் மட்டும்தான் பாடுவார்கள். வேதாகமத்தில் கொலோசெயர் 3:16 ஒருவருக்கொருவர் பாட்டால் போதிக்கச் சொல்கிறது, அது பாடகர் குழுவுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை.

அதே வைஃபையில் இருக்கும் டேப்லெட்டில் பிரவுசரைத் திறந்தால் ஸ்டேஜ் வியூ, அதாவது மேடையில் இருப்பவர்களுக்கான திரை வரும், அடுத்து வரும் வரிகளும் அதில் தெரியும். கீபோர்டு வாசிப்பவருக்குப் பெரிய உதவி.

பின்னணியில் வீடியோ ஓடவிடும் வசதியும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கறுப்புப் பின்னணி, பெரிய வெள்ளை எழுத்து, ஒரு திரைக்கு நான்கு வரி என்று வைத்தால் வயதானவர்களும் தடுமாறாமல் பாடுவார்கள்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களின் பளபளப்பு இதில் இல்லைதான், பாட்டுகளை முதலில் ஏற்றுவதற்கும் ஒருவர் பொறுமையாக உட்கார வேண்டும்.