மூளைப் பரிணாம ஆய்வுக்கு எந்த முட்டை: தரைப் பல்லியா, மென்னோட்டு ஆமையா?

மடகாஸ்கர் தரைப் பல்லி ஆண்டு முழுக்க முட்டையிடும். ஆனால் ஒரு தடவைக்கு இரண்டுதான். சீன மென்னோட்டு ஆமை வெப்பமான மாதங்களில் மட்டும் இடும், பண்ணைகளில் டஜன் கணக்கில் கிடைக்கும். பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழல் உருவாவதைப் பார்க்க ஆமைதான் சரி. அந்தக் குழல் உருவாகும் முன்பே ஆமையின் முட்டை வெளியே வந்துவிடுகிறது.

இரண்டின் முட்டைகளையும் புரட்டவே கூடாது. கோழி முட்டையில் மஞ்சள் கருவைத் தாங்கும் முறுக்கு இழை இவற்றில் இல்லை. மேல்புறம் ஒட்டி வளரும் கரு, புரண்டால் செத்துப்போகும். எடுக்குமுன் மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஆமை முட்டையில் அங்கே சுண்ணாம்புபோல் வெள்ளைத் திட்டு படர்ந்தால் கரு வளர்கிறது.

பாலூட்டியின் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், புதிய நரம்பணு பழையதைத் தாண்டி மேலே ஏறும். பல்லியில் புதியது உள்பக்கமே தங்கும். எந்த நரம்பணு எப்போது பிறந்தது என்ற இந்த வரிசையைக் குறிக்கப் பல்லியே மேல்: கூண்டில் முட்டையிட்ட நாள் துல்லியமாகத் தெரியும், 28 டிகிரியில் பொரிக்கச் சுமார் 60 நாள்.