கடலுக்கு மேல் இரண்டே எஞ்சின்: மதுரை – கொழும்பு – மெல்போர்ன் விமானச் சேவை

மெல்போர்னில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் மதுரைப் பெற்றோருக்கு, சென்னை வரை போய் அலையாமல் மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியிலேயே ஏறிக் கொழும்பில் ஒரே ஒருமுறை மாறும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் வழி மிகவும் ஏற்றது. முதல் கட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பிலிருந்து பத்து மணி நேரத்துக்கும் மேல் நீளும் இரண்டாம் கட்டத்தில், பாதிக்கும் அதிகமான தூரம் இந்தியப் பெருங்கடலின் மேலேயே கழிகிறது. விமானம் இரண்டு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ330.

"நடுக்கடலில் ஒன்று நின்றால் என்ன கதி?" என்று கேட்காத பெரியவர்கள் குறைவு. இந்தக் கேள்விக்காகவே 1953-இல் அமெரிக்கா ஒரு விதி வகுத்தது: இரட்டை எஞ்சின் விமானம், ஒற்றை எஞ்சினில் 60 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையத்தை விட்டு விலகிப் பறக்கக் கூடாது. எஞ்சின்களின் நம்பகத்தன்மை உயர்ந்தபின், 1985-இல் டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் போயிங் 767 விமானங்களுக்கு 120 நிமிட அனுமதி கிடைத்தது. 1988-இல் அது 180 ஆனது. விமானிகள் 'ஈடாப்ஸ்' என்று சொல்லும் இந்த அனுமதி விமானத்துக்கு மட்டுமன்றி, அதை இயக்கிப் பராமரிக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது என்பதுதான், என் பார்வையில், பயணி முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

180 நிமிட அனுமதிக்கு, ஒரு லட்சம் எஞ்சின் மணி நேரத்தில் பறக்கும்போது எஞ்சின் நிற்பது இரண்டு முறைக்கு மேல் போகக் கூடாது. சரக்கு அறையின் தீயணைப்பு அமைப்பு, மாற்று விமான நிலையத்தை அடையும் நேரத்தையும் கூடுதலாகப் பதினைந்து நிமிடத்தையும் தாங்க வேண்டும். இரண்டு எஞ்சின்களிலும் ஒரே பணியை ஒரே தொழில்நுட்பர் ஒரே வேளையில் செய்வதையும் விதிகள் தவிர்க்கச் சொல்கின்றன. எஞ்சின் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு 1983-ஆம் ஆண்டு மே மாதம் மயாமியிலிருந்து பஹாமாஸ் சென்ற ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் சான்று: பராமரிப்பின்போது ரப்பர் வளையங்களைப் பொருத்தாமல் விட்டதால் எண்ணெய் கசிந்து, மூன்று எஞ்சின்களும் கடலின் மேல் நின்றன, ஒன்றை மீண்டும் இயக்கித்தான் மயாமிக்குத் திரும்ப முடிந்தது. ஆகவே நான்கு எஞ்சின் விமானம்தான் பாதுகாப்பு என்று சொல்லி வேறு வழியில் சீட்டு விற்க முனையும் முகவரின் பேச்சுக்கு நான் மதிப்பளிக்க மாட்டேன்.

மேலும், இந்தத் தடம் வரைபடத்தில் தோன்றுமளவு வெறுமையானதன்று. வழியருகே ஓடுபாதையுடன் கோகோஸ் தீவுகள் உள்ளன. அதற்கப்பால் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் லியர்மன்த் இருக்கிறது. 2008-இல் சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவான்டாஸ் ஏ330 அவசரமாகத் தரையிறங்கியது லியர்மன்த்தில்தான்.

சாதாரண வகுப்பில் இருக்கைகள் 2–4–2 என அமைந்திருப்பதால், தம்பதியர் சன்னலோர இரட்டை இருக்கைகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடலாம். நடுவில் அந்நியர் வந்து அமரும் சங்கடம் இராது. எஞ்சின் இரைச்சல் ஒவ்வாதவர்கள் இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேலெழும்பிய சற்று நேரத்தில் விசை குறைக்கப்படுவதால் எஞ்சின் ஒலி திடீரென்று தணியும். முதன்முறை செல்லும் பெரியவர்களிடம் அது கோளாறு அன்று என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.