டிவி மாட்ட வருபவர் ‘காலிபரேஷன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

ஆடித் தள்ளுபடியில் புது டிவி வாங்கியவர்களும், தீபாவளிக்கு வாங்கலாம் என்று இருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டிவியைச் சுவரில் மாட்ட வரும் ஆள், வேலை முடிந்த கையோடு, "பிக்சர் காலிபரேஷன் செய்யணும், இல்லேன்னா பேனல் சீக்கிரம் போயிடும்" என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்கிறார். காலிபரேஷன் என்றால் திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்வது, பேனல் என்றால் படம் தெரியும் திரைப் பகுதி. மதுரையில் என் அப்பாவிடம் இப்படி இரண்டு தடவை வாங்கிவிட்டார்கள். முதலில் 2,500 ரூபாய், அப்புறம் 1,800 ரூபாய். வாங்கிய பணத்துக்குச் செய்த வேலை எதுவும் இல்லை. படம் முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது.

ஊரில் பேர் தெரிந்த ஒரு பெரிய கடையில்தான் அப்பா அந்த 55 இன்ச் டிவியை வாங்கினார். டெலிவரியும் மாட்டிக் கொடுப்பதும் இலவசம் என்று பில்லிலேயே எழுதியிருந்தார்கள். கடை அனுப்பிய இளைஞர் வந்தார், சுவரில் துளை போட்டு மாட்டினார், செட்டாப் பாக்ஸை இணைத்தார். அதுவரை எல்லாம் சரி. பிறகு ரிமோட்டில் ஏதோ பொத்தான்களை வரிசையாக அழுத்தியிருக்கிறார். திரை முழுக்க எண்களும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளுமாக ஒரு பட்டியல் வந்து நின்றது. "ஐயா, இது கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச மெனு. இதுல போயி காலிபரேஷன் பண்ணாத்தான் கலர் ஒழுங்கா வரும்" என்றாராம். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். தொழில் தெரிந்தவர் ஒருவர் நிதானமாக விளக்கிச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பணத்தை அந்த இளைஞரின் சொந்த எண்ணுக்கே ஜிபே செய்யச் சொன்னார்கள். பில் கிடையாது.

அன்று ராத்திரியிலிருந்தே அம்மாவுக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. செய்தி வாசிப்பவரின் முகம் ஆரஞ்சு நிறம், கிரிக்கெட் மைதானம் கிளிப்பச்சை. அப்பா தானாகவே ரிமோட்டில் தேடி, படத்தை ‘ஸ்டாண்டர்டு’ என்பதற்கு மாற்றப் பழகிக்கொண்டார். மாற்றினால் கண்ணுக்கு இதமாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் பழையபடி கொதிக்கும். திரும்பவும் மாற்றுவார், திரும்பவும் அது தானாக மாறிக்கொள்ளும்.

டிவி கெட்டுவிட்டது என்று பயந்து அதே ஆளைக் கூப்பிட்டார். வந்தவர், "செட்டிங் நிக்கலைன்னா போர்டுல சாஃப்ட்வேர் பிரச்சினை, அப்டேட் போடணும்" என்று ஒரு பென் டிரைவைச் செருகிச் சில நிமிடம் வைத்திருந்துவிட்டு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று ராத்திரியும் அதே கதைதான். அம்மா எனக்கு போன் செய்து, "அப்பா சொல்ல மாட்டேங்குறாரு, நீ வந்து பாருடி" என்றார்.

போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே விஷயம் பிடிபட்டது. திரையின் மேல் ஓரத்தில் ஒரு பட்டை எட்டிப் பார்த்தது. 4கே, எச்டிஆர், ஸ்பீக்கர் இத்தனை வாட்ஸ் என்று டிவியின் பெருமைகளை வரிசையாகக் காட்டிவிட்டு மறைந்தது. வீட்டில் ஓடும் டிவியில் அப்படி வரவே கூடாது. செட்டிங்கில் பொதுப் பிரிவுக்குள் போய்ப் பார்த்தால், பயன்பாட்டு முறை என்ற இடத்தில் ‘ரீடெய்ல் மோடு’ என்று இருந்தது. ‘ஹோம் மோடு’ என்று மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு செட்டிங் ஒரு தடவைகூடத் தானாக மாறவில்லை. போர்டில் எந்தக் கோளாறும் இல்லை.

இந்த ரீடெய்ல் மோடு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஷோரூமில் தலைக்கு மேலே வரிசையாக விளக்கு எரியும், பக்கத்துப் பக்கத்தில் இருபது டிவி ஓடும். அந்த வெளிச்சத்தில் தன் டிவி மட்டும் கண்ணில் படவேண்டும் என்று வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைக்கிறார்கள். வாடிக்கையாளர் யாராவது ரிமோட்டை எடுத்து எதையாவது மாற்றிவிட்டுப் போனால், கொஞ்ச நேரத்தில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்படியும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் பெயர் வேறு: ரீடெய்ல் மோடு, ஸ்டோர் டெமோ, ஷாப் மோடு. ஆகவே செட்டிங் ‘நிற்காமல்’ போவது பழுது அல்ல. கடைக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு அது. புது டிவியை முதன்முதலில் போடும்போதே, இது வீட்டுக்கா கடைக்கா என்று கேட்டுவிட்டுத்தான் பல டிவிகள் மேலே போகும். தினமும் டிவி மாட்டுகிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. முதல் நாள் அவசரத்தில் கடை என்று அழுத்தியிருக்கலாம், அதைக்கூட விட்டுவிடுகிறேன். அதே டிவியைப் பார்த்துவிட்டு போர்டில் கோளாறு என்று சொல்லி எழுபது வயதுக்காரரிடம் பணம் வாங்கியதை விட முடியாது.

‘காலிபரேஷன் இல்லாவிட்டால் பேனல் போய்விடும்’ என்பதும் பொய். உண்மையில் பின்விளக்கை, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கை, எந்நேரமும் உச்சத்தில் எரிய விட்டால்தான் அதன் ஆயுள் குறையும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். அவர் விட்டுப்போனது அந்த நிலையில்தான்.

காலிபரேஷன் என்று ஒரு நிஜமான தொழில் இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. அதைச் செய்கிறவர் திரையின் நடுவில் கலரிமீட்டர் என்ற அளவுகருவியை வைத்து, லேப்டாப்பில் இணைத்து, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒவ்வொரு சாம்பல் படியையும், பிறகு ஒவ்வொரு நிறத்தையும் திரையில் வரவழைத்து அளப்பார். வெள்ளை நிறம் நீலமோ மஞ்சளோ தூக்கலாகாமல் 6500 கெல்வின் அளவில் இருக்கிறதா, நிறங்கள் எச்டி ஒளிபரப்புக்கான ரெக் 709 தரத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். எச்டி ஒளிபரப்புக்காக ஸ்டுடியோவில் பார்த்து நிறம் சரிசெய்யும் மானிட்டரும் இந்தத் தரத்தில்தான் இருக்கும். வேலை முடிய மணிக்கணக்கில் ஆகும். முடிந்ததும், முன்பு எவ்வளவு விலகியிருந்தது, இப்போது எவ்வளவு என்று அறிக்கை கொடுப்பார். கருவி இல்லை, அறிக்கை இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்தது என்றால் அது காலிபரேஷன் இல்லை. வீட்டில் செய்தியும் சீரியலும் கிரிக்கெட்டும் பார்ப்பவர்களுக்கு இது தேவையும் இல்லை என்பது என் கருத்து.

அந்த ‘கம்பெனி மெனு’வைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சர்வீஸ் மெனு. பேனல் வகை, போர்டு விவரம் போன்றவை அதில் இருக்கும். தவறான ஒரு எண்ணை மாற்றினால் படமே வராமல் போகலாம். கம்பெனியின் சொந்த சர்வீஸ் ஆள் பழுது பார்க்க வந்தால் தவிர, வேறு யாரையும் உங்கள் கண்முன்னே அதைத் திறக்க விடாதீர்கள்.

சரி, நீங்களே என்ன செய்யலாம்? முதல் வேலை, ஹோம் மோடா என்று பார்ப்பது. அடுத்து, பிக்சர் மோடில் ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்று இருந்தால் அதை விட்டு வெளியே வந்து ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கடைசிப் பெயரை 2019இல் யுஎச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு கொண்டுவந்தது. டிவி தன் இஷ்டத்துக்குப் படத்தில் கைவைப்பதை ஒரே அழுத்தலில் நிறுத்துவதுதான் இதன் வேலை. மார்ட்டின் ஸ்கார்செஸி, கிறிஸ்டோபர் நோலன் போன்ற இயக்குநர்களே இதை ஆதரித்தார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு மாற்றமே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

மாற்றியதும் படம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். பயந்து திருப்பி மாற்றிவிடாதீர்கள். இத்தனை நாள் நீலம் தூக்கலாக இருந்ததைப் பார்த்துப் பழகிய கண் அது, சில நாளில் சரியாகிவிடும். என் அம்மாவும் முதல் நாள் "என்ன இப்படி மங்கிப்போச்சு" என்றுதான் கேட்டார். அப்போது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுக் காட்டினேன். நிறமே இல்லாத படத்தில்தான் டிவி தன் பங்குக்கு எந்த நிறத்தைச் சேர்க்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். விவிடில் கதாநாயகனின் வெள்ளை வேட்டி ஊதா கலந்த நீலமாக, சொட்டு நீலம் அதிகமாகிப்போன துணி மாதிரி இருந்தது. கலர் டெம்பரேச்சர் என்ற செட்டிங்கை ‘வார்ம்’, அதாவது மஞ்சள், பக்கம் நகர்த்தியதும் வேட்டி வேட்டியின் வெள்ளைக்கு வந்தது. அதன் பிறகு அம்மா மாற்றச் சொல்லவில்லை.

பிரைட்னஸ் விஷயத்தில் கவனம் தேவை. சில டிவிகளில் அந்தப் பெயர் பின்விளக்கின் அளவைக் குறிக்கும், வேறு சிலவற்றில் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கவேண்டும் என்பதைக் குறிக்கும். இருட்டான காட்சி ஒன்றை நிறுத்திவைத்து, எதைத் தொட்டால் எது மாறுகிறது என்று பாருங்கள். கறுப்பின் அளவைக் குறைத்துக்கொண்டே போனால் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒன்றாகி அப்பிக்கொள்ளும். கூட்டினால் இரவு வானம் சாம்பலாகும். இரண்டுக்கும் நடுவில் முடியிழை தெரிகிற இடம்தான் சரியான இடம். பின்விளக்கை மட்டும் உங்கள் அறைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கும் கூடத்தில் கூடுதலாகவும் ராத்திரியில் குறைவாகவும் வைப்பதில் தவறே இல்லை.

ஷார்ப்னஸ் கூட்டினால் தெளிவு கூடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். எழுத்துகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஒன்று தெரிகிறதா என்று கிட்டப் போய்ப் பாருங்கள். தெரிந்தால், அது மறையும்வரை குறையுங்கள். அப்புறம், சினிமாப் படம் சீரியல் போல வழுவழுவென்று ஓடுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். படம் நொடிக்கு 24 பிரேம்களில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. டிவி இடையில் தானாகவே பிரேம்களை உருவாக்கிச் செருகுவதால் வரும் வினை அது. சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று இருக்கும். சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் லேசாக வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவின் நீண்ட நாள் புகார் ஒன்று, செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்துப் பட்டை பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. ஓவர்ஸ்கேன் என்ற பழைய வழக்கம் அது, படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் பெரிதாக்கித் திரைக்கு வெளியே தள்ளிவிடும். பிக்சர் சைஸில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போட்டதும் பட்டை முழுதாக வந்தது. இன்னொன்று, பல டிவிகளில் கேபிள் செருகும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் செட்டிங் தனித்தனி. செட்டாப் பாக்ஸுக்கு மாற்றியது ஃபயர் ஸ்டிக்குக்குப் போய்ச் சேராது. எல்லா இணைப்புக்கும் பொருந்தும்படி செய்யும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் படங்களுக்கும் தனி செட்டிங்தான், அப்படி ஒரு படம் ஓடும்போதே போய் மாற்றவேண்டும்.

கடையில் கேட்டேன். "அவர் எங்க ஆள் இல்ல மேடம், வெளி ஆள்" என்றார் மேலாளர். பில்லில் இன்ஸ்டலேஷன் அவர்கள் பொறுப்பு என்று இருக்கிறது, அனுப்பியதும் அவர்கள்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, பில்லின் படத்தையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளையும் கொடுத்தேன். அதன் பிறகு கடையிலிருந்தே கூப்பிட்டு 1,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2,500 ரூபாய்க்கு, "வேலை செஞ்சிருக்காரே" என்கிறார்கள். வாங்கிய பணத்துக்கு பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகச் செயல். அந்தச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மனுவுக்கு வேண்டிய தாள்களைத் திரட்டிவிட்டேன், அப்பா கையெழுத்துப் போட்டதும் தாக்கல் செய்யப்போகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பணம் வாங்கியிருந்தால் ஜிபே விவரத்தையும், அந்த ஆள் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஊரில் பெற்றோர் தனியாக இருந்தால், டிவி மாட்ட ஆள் வரும் நாளில் போனில் நீங்கள் இருங்கள். ‘காலிபரேஷன்’ என்ற சொல் காதில் விழுந்ததும், கருவி கொண்டு வந்திருக்கிறாரா, அறிக்கை தருவாரா, கடையின் பெயரில் பில் தருவாரா என்று கேளுங்கள்.