பாம்பு நடுங்குவதை நிறுத்திவிட்டது: டிராயிங் டேப்லெட்டோடு நாலே முக்கால் வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "நீ வைத்திருக்கிற டேப்லெட் விலை இறங்கியிருக்கிறது. வாங்கிவிடவா?" என்னுடையது சர்வீஸிலிருந்து திரும்பி வந்து அன்றைக்கு மூன்றாவது நாள். கடுப்பில் இருந்தேன். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அப்புறம் உறுத்தியது. இத்தனை நாள் உழைத்த பொருளைப் பற்றி ஒரே சொல்லா? அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கணினியில் சொருகி, பேனாவால் வரைவதற்கான, திரையில்லாத சாதாரண டேப்லெட். பேட்டரி இல்லாத பேனா. 8192 அழுத்த நிலைகள் என்று அட்டையில் போட்டிருக்கும். என் கைக்குத் தெரிந்தவை மூன்று: தடவுவது, எழுதுவது, அழுத்துவது. மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் பேனா முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி மாதிரி ஆகிவிடும். மாற்றிக்கொள்ள வேண்டியதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. இதை வைத்து வாரம் ஒன்று என்று நாலு கட்டச் சித்திரத் தொடர் ஒன்றை வரைந்து வருகிறேன். ஓர் ஆமை, ஒரு நத்தை. யார் அதிகத் தாமதம் என்பதில் இருவருக்கும் ஓயாத போட்டி. கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு என்பதால் பந்தயமே தொடங்காது. அவ்வளவுதான் கதை.

என் புகார் வலது கீழ் மூலையைப் பற்றியது.

வாங்கிய சில வாரங்களிலேயே கவனித்தேன். வேகமாக இழுத்தால் கோடு சரியாக வரும். அந்த மூலையில் மட்டும் நிதானமாக இழுத்தால் உதறும். பெரிய உதறல் இல்லை, மயிரிழைதான். ஆனால் முகத்தின் ஓரத்தையோ விரலையோ வரையும்போது மயிரிழையே போதும், படம் கெட்டுவிடும். கணினியில் டேப்லெட்டுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கேபிளை மாற்றினேன். பேனாவைத் துடைத்தேன், டேப்லெட்டைத் துடைத்தேன், கடைசியில் என் கையையும் துடைத்தேன். நான் வரையும் மென்பொருளான கிருதாவில் (Krita), கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை ஏற்றிப் பார்த்தேன். உதறல் போனது, கூடவே கோட்டின் உயிரும் போனது. எல்லாமே தோட்டத்துக் குழாய் மாதிரி வழவழவென்று வளைந்தது. பேனா ஓரிடத்தில் இருக்க, கோடு சாவகாசமாகப் பின்னால் வந்து சேர்ந்தது. நத்தைத் தொடர் வரைபவனுக்கு நத்தை வேகத்தில் ஒரு கருவி! அணைத்துவிட்டேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த மூலையில் முக்கியமான எதையும் வரைவதில்லை. தரை, கல், புல். அதோடு சரி.

31ஆவது படம். ஆமையும் நத்தையும் பந்தயக் கோட்டருகே நிற்கிறார்கள், நாலு கட்டத்திலும் யாரும் நகர்வதில்லை. கடைசிக் கட்டத்தில் வலது ஓரப் புல் வழக்கம்போல உதறியது. இரவு நேரம், திருத்தப் பொறுமையில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் அக்கா பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. விரலை வைத்து, "இந்தப் புல்லுக்குள்ள யாருடா?" என்றாள்.

"யாருமில்லையே."

"பின்ன ஏன் ஆடுது?"

டேப்லெட் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் கேட்டபிறகு எனக்கே சந்தேகம்: யார்தான் உள்ளே? அடுத்த வாரப் படம் அந்தக் கேள்விக்கான பதில்தான். புல்லுக்குள் ஒரு பாம்பு. புல் இருந்த இடம் அந்த மூலை என்பதால் பாம்பையும் அங்கேயே வரைய வேண்டியதாயிற்று. உடம்புக்கோடு முழுக்க உதறல். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இங்கே பாம்பே நடுங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைத்தான் இன்னும் என்னால் விளக்க முடியவில்லை. பாம்பு ஒரு தவளையைப் பார்த்து ஒளிகிறது. ஆமை, "சரியான தொடைநடுங்கி!" என்று திட்டுகிறது. இதை ஒரு நகைச்சுவையாக நினைத்து நான் எழுதவில்லை, வாயில் வந்த வசவு. வசன பலூனுக்குள் எழுத்தைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். பாம்புக்கு ஏது தொடை? நாலாவது கட்டத்துக்கு வைத்திருந்த வசனத்தை அழித்தேன். பாம்பு தன் உடம்பை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுக் கேட்கிறது: "எனக்குத் தொடையே இல்லையே. அப்போ நடுங்குறது எது?"

அதன்பின் அது நிற்கவில்லை. சட்டையை உரித்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து, "என் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ படுத்திருக்கிறான்!" என்று அலறியது. ஆறு மாதத்தில் ஆமையும் நத்தையும் தங்கள் தொடரிலேயே விருந்தாளி ஆகிவிட்டார்கள். 1919இல் தொடங்கிய இ. சி. சீகரின் 'திம்பிள் தியேட்டர்' என்ற அமெரிக்கச் சித்திரத் தொடரில், 1929 ஜனவரியில் ஒரு கடல் பயணத்துக்குக் கப்பலோட்ட ஆள் தேவைப்பட்டதால் வந்து சேர்ந்தவர்தான் பாப்பாய். கடைசியில் அந்த மாலுமியே தொடரைப் பிடித்துக்கொண்டார். அவரையாவது வேலைக்கு எடுத்தார்கள். என் பாம்பை யாரும் கூப்பிடவே இல்லை.

இவ்வளவும் நடந்தும் நான் டேப்லெட்டைத் திட்டுவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாம்பு என் கற்பனை, உதறல் கம்பெனியின் குற்றம். கணக்கை அப்படித்தான் வைத்திருந்தேன்.

போன மாதம் யுஎஸ்பி சொருகும் இடம் ஆட்டம் கண்டது. பழுது பார்க்கக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வாங்கப் போனபோது அங்கிருந்த பையன், "சொருகியை மாத்திட்டேன் சார். மூலையில கோடு ஆடுதுன்னு சொன்னீங்களே, இங்க ஆடலை. லேப்டாப் சார்ஜரை எங்க வைப்பீங்க?" என்றான்.

டேப்லெட்டுக்கு வலது பக்கம். கீழ் மூலையை ஒட்டி. நாலே முக்கால் வருடமாக.

அவன் சொன்னது இதுதான். டேப்லெட்டுக்கு உள்ளே கம்பி வலை மாதிரி இருக்கிறது. அது பரப்பும் மின்காந்தப் புலத்திலிருந்துதான் பேனாவுக்குள் இருக்கும் சுருள் சக்தி எடுத்து, பதில் சிக்னல் அனுப்புகிறது. அதை வைத்துத்தான் முனை எங்கே இருக்கிறது என்று டேப்லெட் கணக்குப் போடுகிறது. பக்கத்தில் ஒரு சார்ஜர் மின்காந்த இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு இப்படியும் அப்படியும் தடுமாறும். வீட்டுக்கு வந்து சார்ஜரை இடது பக்கம் தள்ளி வைத்தேன். கோடு கண்ணாடி மாதிரி வந்தது.

பாவம் அந்த டேப்லெட். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. என் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. சரி, மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் இப்போது பாம்பு வரவில்லை!

கையாலேயே நடுக்கிப் பார்த்தேன். வேண்டுமென்று நடுக்கினால் ஒரே அளவில் அலை அலையாக வருகிறது, குழந்தைகள் கடல் வரைவதுபோல. பயந்த பாம்பாகத் தெரியவில்லை, பயந்த மாதிரி நடிக்கும் பாம்பாகத் தெரிகிறது. சார்ஜரின் நடுக்கத்துக்கு ஒழுங்கே கிடையாது, அதுதான் விஷயம். பழைய இடத்திலேயே சார்ஜரை வைத்தும் பார்த்தேன். உதறல் வந்தது. ஆனால் எங்கே உதறும் என்று தெரிந்துவிட்டதால் கை முன்கூட்டியே இறுகுகிறது. முன்பெல்லாம் கோட்டோடு சண்டை போட்டுக்கொண்டே வரைவேன். இப்போது அது உதறட்டும் என்று காத்துக்கொண்டு வரைகிறேன். படத்தில் அது தெரிகிறது. அக்காவிடம் காட்டினேன். "பாம்புக்கு உடம்பு தேவலையா?" என்றாள்.

மதிப்பெண்ணா? கோடு துல்லியம், பேனா உழைப்பு, இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பழுது, எல்லாம் பார்த்தால் ஐந்துக்கு நாலரை தரலாம். இன்றைக்கு நான் தருவது இரண்டு. இந்த வாரப் படம் இன்னும் முடியவில்லை, மூன்று கட்டம் தயார், நாலாவதில் பாம்பு நேராக நிற்கிறது.

நண்பனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "டேப்லெட்டை நான் புதுசாவே வாங்கிக்கிறேன். அந்தச் சார்ஜரை மட்டும் கொடுடா" என்றான். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.